செய்தியில் விலையேற்றம் தணிந்துவிட்டது. வீட்டுக் கணக்கில் ஏன் தணியவில்லை?

தினவாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பல மாதங்களாக என்னை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். நான் பொருளாதாரம் படித்ததில்லை. ஆனால் வீட்டு வரவுசெலவைப் பதினோரு ஆண்டுகளாக ஒரு குறிப்பேட்டில் நாள் தவறாமல் எழுதி வருகிறேன். அந்தப் பழக்கம்தான் இந்தக் கேள்வியைக் கிளப்பியது.

சில நாட்களுக்கு முன்பு, பணவீக்கம் 3 சதவீதமாகக் குறைந்துவிட்டது என்று செய்தியில் மகிழ்ச்சியோடு அறிவித்தார்கள். அன்றிரவே குறிப்பேட்டைத் திறந்து, சென்ற ஆண்டு இதே மாதத்தில் வாங்கிய அதே பொருட்களை அதே அளவில் வரிசையாக எழுதிக் கூட்டிப் பார்த்தேன். ஒரு பொருளின் விலைகூட இறங்கவில்லை. மொத்தத் தொகை கூடித்தான் இருந்தது. இரண்டு முறை கூட்டினேன். செய்தி பொய் சொல்கிறதா, என் கணக்கில் பிழையா என்று எனக்கு விளங்கவில்லை.

இரண்டாவதாக, மத்திய வங்கி வட்டியை உயர்த்தும்போதெல்லாம் வீட்டுக்கடன் வாங்கியவர்களின் தவணை உயரும் என்று எழுதுகிறார்கள். எங்களுக்கும் ஒரு வீட்டுக்கடன் இருக்கிறது. ஆனால் தவணைத் தொகை ஒரு காசுகூட மாறவில்லை. அப்படியானால் அந்தச் செய்தி எங்களைத் தொடவில்லை என்று நிம்மதியாக இருந்துவிடலாமா?

கடைசியாக ஒன்று. எங்கோ போர், எங்கோ கப்பல் போக்குவரத்துத் தடை, எங்கோ சுங்கவரி என்று நாள்தோறும் படிக்கிறேன். ஒவ்வொன்றையும் படிக்கும்போது நெஞ்சு படபடக்கிறது. சில நாட்களில் தூக்கமும் கெடுகிறது. இவற்றில் எது என் வீட்டுக்கு வந்து சேரும், எப்போது வரும், எதை விட்டுவிடலாம் என்று பிரித்தறியத் தெரியவில்லை. விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.


எண்ணும்எழுத்தும் எழுதியது:

வணக்கம் அம்மா. விலைவாசித் தரவுகளைத் தொகுக்கும் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால் முதல் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கணக்கில் பிழை இல்லை. செய்தியும் பொய் இல்லை. பணவீக்கம் என்பது விலை அல்ல, விலை ஏறும் வேகம். வேகம் குறைந்தால் ஏற்றம் மெதுவாகிறது என்றுதான் பொருளே தவிர, ஏறியது இறங்கிவிட்டது என்று பொருள் இல்லை. அமெரிக்காவில் 2022 ஜூனில் 9.1 சதவீதமாக இருந்த பணவீக்கம் 2023 ஜூனில் 3 சதவீதத்துக்கு வந்தது. செய்திகள் அதைப் பெரிய வெற்றியாகச் சொல்லின; வெற்றிதான். ஆனால் அந்த 9.1 சதவீத ஏற்றம் எங்கும் போய்விடவில்லை. அதன் மேல்தான் இந்த 3 சதவீதம் ஏறி உட்கார்ந்தது.

இதை உங்கள் குறிப்பேட்டில் எழுதிப் பார்க்கும் விதமாகச் சொல்கிறேன். ஒரு குடும்பத்தின் செலவு 100, வருமானமும் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டு விலை 10 சதவீதம் ஏறுகிறது, பிறகு ஆண்டுதோறும் 3 சதவீதம் மட்டும் ஏறுகிறது. சம்பளமோ ஒவ்வோர் ஆண்டும் 5 சதவீதம் உயர்கிறது. முதல் ஆண்டு முடிவில் செலவு 110, வருமானம் 105. இரண்டாம் ஆண்டு முடிவில் செலவு 113.30, வருமானம் 110.25. அந்த இரண்டாம் ஆண்டில் "விலையைவிடச் சம்பளம் வேகமாக உயர்கிறது" என்று செய்தி வரும், அது உண்மையும்கூட. ஆனாலும் அந்தக் குடும்பம் பற்றாக்குறையில்தான் இருக்கிறது. மூன்றாம் ஆண்டிலும் பள்ளம் நிரம்பவில்லை: 116.70-க்கு எதிரே 115.76. நான்காம் ஆண்டில்தான் வருமானம் முந்துகிறது. ஒரே ஓர் ஆண்டின் கடுமையான விலையேற்றத்தைக் கடக்க நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இடைப்பட்ட காலத்தில் வாங்கிய கைமாற்றையும் தள்ளிப்போட்ட மருத்துவச் செலவையும் பணவீக்கத்தைக் கணக்கிட உதவும் எந்த விலைக் குறியீடும் காட்டாது. மக்கள் சொல்வதும் புள்ளிவிவரம் சொல்வதும் பொருந்தவில்லை என்று எழுதும்போதெல்லாம் மக்களுக்கு விவரம் போதவில்லை என்ற தொனி வந்துவிடுகிறது. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. மக்கள் விலையின் உயரத்தைப் பார்க்கிறார்கள், புள்ளிவிவரம் வேகத்தை அளக்கிறது. இரண்டும் சரியே.

மேலும், குறியீடு என்பது சராசரி. ஒரு நாட்டின் எல்லாக் குடும்பங்களையும் சேர்த்து, எதற்கு எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று கணக்கெடுத்து, அந்த விகிதத்தில் விலைகளை எடையிடுகிறார்கள். வருமானம் குறையக் குறைய அதில் உணவுக்குப் போகும் பங்கு கூடும் என்பதை ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857-லேயே எடுத்துக்காட்டினார். ஆகவே உணவு விலை ஏறி மின்னணுப் பொருட்களின் விலை இறங்கும் ஆண்டில், சராசரி அமைதியாக இருக்கும். ஏழைக் குடும்பத்தின் பணவீக்கம் மட்டும் இரு மடங்காக இருக்கக்கூடும். சில செலவுகள் குறியீட்டுக்குள் வருவதே இல்லை. அமெரிக்காவின் நுகர்வோர் விலைக் குறியீட்டில் வீட்டுக்கடன் வட்டி 1983 முதல் சேர்க்கப்படுவதில்லை. சொந்த வீட்டில் இருப்பவர் அதே வீட்டுக்கு வாடகை கொடுத்தால் எவ்வளவு கொடுப்பார் என்ற மதிப்பையே சேர்க்கிறார்கள். அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. எனினும் தவணை கட்டுகிறவரின் கையைக் கடிப்பது எதுவோ, அது அந்த எண்ணில் இல்லை.

உங்கள் குடும்பத்தின் பணவீக்கத்தை உங்கள் குறிப்பேட்டைவிடச் சரியாகச் சொல்லும் ஆவணம் வேறு இல்லை. நீங்கள் அன்றிரவு செய்தது, நாங்கள் அலுவலகத்தில் செய்த வேலையேதான்: அதே பொருள், அதே அளவு, ஓர் ஆண்டு இடைவெளி. இதை மூன்று மாதங்களுக்கு ஒரு முறை செய்து வாருங்கள்.


கடன்கணக்கர் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். தவணை மாறவில்லை என்பதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடன்களை ஆராய்ந்து பரிந்துரைக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். உங்களைப் போல நிம்மதியாக இருந்து, பிறகு அதிர்ந்துபோன பலரை என் மேசைக்கு எதிரே பார்த்திருக்கிறேன்.

உங்கள் கடன் நிலையான வட்டியிலா, மாறும் வட்டியிலா என்று முதலில் பாருங்கள். கடன்காலம் முழுவதும் நிலையான வட்டி என்றால் மத்திய வங்கி என்ன செய்தாலும் உங்கள் பழைய கடனுக்கு ஒன்றுமில்லை. அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சில் ஏறக்குறைய பூஜ்யத்தில் இருந்த வட்டியை 2023 ஜூலைக்குள் 5.25 முதல் 5.50 சதவீதம் வரை கொண்டுசென்றபோதும், அங்கே முப்பதாண்டு நிலையான வட்டியில் ஏற்கெனவே வீடு வாங்கியிருந்தவர்களின் தவணை அசையவில்லை. புதிதாக வாங்க நினைத்தவர்கள்தான் திணறினார்கள். ஒரே செய்தி, ஒரே தெருவில் அடுத்தடுத்த இரண்டு வீடுகளுக்கு இரண்டு விதமாகப் போய்ச் சேருகிறது.

மாறும் வட்டி என்றால் கதை வேறு. வட்டி உயரும்போது கடன் கொடுத்தவர் இரண்டில் ஒன்றைச் செய்யலாம்: தவணையை உயர்த்தலாம், அல்லது தவணையை அப்படியே விட்டுவிட்டுக் கடன்காலத்தை நீட்டலாம். வாடிக்கையாளர் முகம் சுளிக்காமல் இருக்கப் பெரும்பாலும் இரண்டாவதையே செய்கிறார்கள். அதன் விளைவு எவ்வளவு கடுமையானது என்பதை ஓர் எண்ணால் காட்டுகிறேன். 1,00,000 கடன், 7 சதவீத வட்டி, 20 ஆண்டுகள் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 775. கடன் தொடங்கிய உடனேயே வட்டி 9 சதவீதமாகிறது, தவணை மட்டும் 775-லேயே நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாத வட்டி மட்டுமே 750. அசலில் கழிவது வெறும் 25. கடன் முடிய 240 மாதங்களுக்குப் பதிலாக 458 மாதங்கள் ஆகும். அதாவது 38 ஆண்டுகளுக்கும் மேல். தவணையில் ஒரு காசுகூட மாறவில்லை என்பது அப்போதும் உண்மையாகவே இருக்கும்.

உங்கள் கடன் இந்த அளவுக்குப் போயிருக்காது. ஆனால் கடன் கணக்கு அறிக்கையை எடுத்து, தவணைத் தொகையைப் பார்க்காமல், மீதமுள்ள மாதங்கள் எத்தனை என்ற வரியைப் பாருங்கள். பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.


துறைமுகக்காற்று எழுதியது:

மூன்றாவது கேள்விதான் என் துறை. சரக்குக் கப்பல் முன்பதிவு வேலையில் இருப்பவன் என்பதால், உலகச் செய்தி ஒன்று வந்த மறுநாள் காலையில் என் தொலைபேசி எப்படி ஒலிக்கிறது என்பதை வைத்தே அதன் கனத்தை எடைபோடப் பழகிவிட்டேன்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். செய்தி மணியோசை. சில நேரங்களில் மணி மட்டும் ஒலிக்கும், யானை வராது. 2021 மார்ச் 23 அன்று எவர் கிவன் என்ற 400 மீட்டர் நீளக் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கியபோது உலகமே அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. 29-ஆம் தேதி அதை விடுவித்துவிட்டார்கள். எங்களுக்குப் பல வாரக் குழப்பம் இருந்தது உண்மை. ஆனால் அந்த ஆறு நாட்களால் மட்டும் வீட்டுச் செலவு நிலையாக உயர்ந்த குடும்பம் அரிது. மாறாக, 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியபோது படங்கள் அவ்வளவு பரபரப்பாக இல்லை. ஆனால் பெரிய நிறுவனங்கள் தம் கப்பல்களை ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி அனுப்பத் தொடங்கின. ஆசியாவிலிருந்து வட ஐரோப்பாவுக்கு ஒரு பயணத்துக்குப் பத்து நாட்களும் அதற்கு மேலும் கூடின. நாள் கூடினால் எரிபொருள் கூடும், காப்பீடு கூடும், அதே சரக்கைக் கொண்டுபோக அதிகக் கப்பல்கள் தேவைப்படும், காலி கன்டெய்னர் திரும்பி வரத் தாமதமாகும். இது மாதக்கணக்கில் நீடித்தது. ஒரு தடங்கலின் பரபரப்பைவிட அது எத்தனை நாள் நீடிக்கும் என்பதே வீட்டுக்கு முக்கியம்.

எண்ணெயைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. உக்ரைன் போர் தொடங்கியபின் 2022 மார்ச்சில், உலகச் சந்தையில் அளவுகோலாகக் கொள்ளப்படும் பிரென்ட் கச்சா எண்ணெய் ஒரு கட்டத்தில் பீப்பாய்க்கு 139 டாலரைத் தொட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2020 ஏப்ரல் 20 அன்று, அமெரிக்கக் கச்சா எண்ணெயின் முன்பேர ஒப்பந்த விலை (பின்னொரு நாளில் தரப்போகும் சரக்குக்கு முன்கூட்டியே பேசும் விலை) பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 37.63 டாலருக்குப் போயிருந்தது. அன்று வண்டிக்கு எரிபொருள் நிரப்பியவருக்கு யாரும் மேற்கொண்டு பணம் கொடுத்துவிடவில்லை. காரணம், நாம் கொடுக்கும் விலையில் கச்சா எண்ணெய் ஒரு பகுதிதான். சுத்திகரிப்பு, போக்குவரத்து, விற்பனையாளர் பங்கு, அரசின் வரி எல்லாம் அதில் அடங்கும். ஏறும்போது விரைந்து ஏறுவதும் இறங்கும்போது தயங்கித் தயங்கி இறங்குவதும் பல நாடுகளில் காணப்பட்ட வழக்கம். ஆய்வாளர்கள் அதற்கு ராக்கெட்டும் இறகும் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

எண்ணெயின் டாலர் விலை நகராமல் இருந்தாலும் உள்நாட்டு நாணயம் சரிந்தால் விலை ஏறிவிடும். 2022-இன் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 115 யென் கொடுத்த ஜப்பான், அக்டோபரில் 150-க்கும் மேல் கொடுக்க வேண்டி வந்தது. அதே ஒரு பீப்பாய்க்கு முப்பது சதவீதம் கூடுதல் பணம். இதில் ஜப்பானியக் குடும்பம் செய்த தவறு ஏதுமில்லை. அமெரிக்கா வட்டியை உயர்த்தியது, ஜப்பான் உயர்த்தவில்லை, பணம் டாலரை நாடியது. அதனால், "வெளிநாட்டு மத்திய வங்கி வட்டியை உயர்த்தியது" என்ற செய்தியை நான் எண்ணெய்ச் செய்தியாகவே படிக்கிறேன்.

சுங்கவரியைப் பற்றி ஒரே ஓர் எடுத்துக்காட்டு. 2018-இல் அமெரிக்கா இறக்குமதியாகும் துணி துவைக்கும் இயந்திரங்களுக்குக் கூடுதல் வரி விதித்தது. அவற்றின் விலை ஏறக்குறைய 12 சதவீதம் உயர்ந்தது. போட்டி குறைந்ததால் உள்நாட்டு நிறுவனங்களும் உயர்த்தின. வரியே விதிக்கப்படாத துணி உலர்த்தும் இயந்திரத்தின் விலையும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறியது. ஏனென்றால் அங்கே இரண்டையும் சேர்த்து வாங்குவதே வழக்கம். வரிச் செய்தியில் உங்கள் பொருளின் பெயர் இல்லை என்பதற்காக அது உங்களைத் தொடாது என்று எண்ணிவிட வேண்டாம்.


அமைதிவிரும்பி எழுதியது:

நண்பர்கள் அறிவார்ந்த விளக்கங்கள் கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் சகோதரி தூக்கம் கெடுகிறது என்று எழுதியிருக்கிறார். போரையும் வட்டியையும் எண்ணெயையும் நம்மால் மாற்ற முடியாது. மாற்ற முடியாததை நாள்தோறும் படித்து நெஞ்சைப் புண்ணாக்கிக்கொள்வதைவிட, செய்தியை அறவே நிறுத்திவிட்டு வரவுக்குள் செலவை அடக்கி வாழ்வது நல்லது என்பது என் கருத்து. நான் அப்படித்தான் இருக்கிறேன்.


எண்ணும்எழுத்தும் எழுதியது:

அமைதிவிரும்பி அவர்களின் அக்கறையை மதிக்கிறேன். நாள்தோறும் படிக்கத் தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாரம் ஒரு முறை போதும். அறவே நிறுத்துவதை மட்டும் ஏற்க முடியவில்லை. செய்தியை நம்மால் மாற்ற முடியாவிட்டாலும், கையெழுத்திடும் நாளை மாற்றலாம்.

பிரிட்டனில் 2022 செப்டம்பர் 23 அன்று, ஈடு செய்ய வழி காட்டாமல் பெரும் வரிக்குறைப்புகளை அறிவித்தார்கள். கடன் சந்தை கலங்கியது. அடுத்த சில நாட்களில் நூற்றுக்கணக்கான வீட்டுக்கடன் திட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. இரண்டாண்டு நிலையான வட்டியின், அதாவது இரண்டாண்டுகள் மட்டும் மாறாதிருந்து பிறகு புதிய ஒப்பந்தம் போட வேண்டிய வட்டியின், சராசரி அக்டோபரில் 6 சதவீதத்தைத் தாண்டியது. அறிவிப்பின் பெரும்பகுதி கைவிடப்பட்டது, அக்டோபர் 20 அன்று பிரதமர் லிஸ் டிரஸ் பதவி விலகுவதாக அறிவித்தார். அரசியல் செய்தியாகப் பார்த்தால் அது நான்கு வாரங்களில் முடிந்துவிட்டது. ஆனால் அந்த வாரங்களில் பழைய ஒப்பந்தம் முடிந்து, அன்றைய வட்டிக்கு இரண்டாண்டுகள் கட்டுண்டவர்களுக்கு அது 2024 வரை முடியவில்லை. தம் ஒப்பந்தம் எந்த மாதத்தில் முடிகிறது என்பதை அறிந்திருந்து, வட்டி ஏறும் அறிகுறியை முன்பே கவனித்து, சில மாதங்களுக்கு முன்பே புதிய வட்டியைப் பதிவு செய்துகொண்டவர்கள் அந்த அடியிலிருந்து தப்பினார்கள். அவர்களுக்குப் பொருளாதார ஞானம் அதிகம் என்று சொல்ல மாட்டேன். தம் தேதி அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

அதனால், அம்மா, குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் உங்கள் குடும்பத்தின் தேதிகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: கடன் வட்டி மறுபரிசீலனை ஆகும் மாதம், வாடகை அல்லது காப்பீடு புதுப்பிக்கும் மாதம், வைப்புத்தொகை முதிரும் நாள், சம்பள உயர்வு பேசப்படும் காலம். அந்தத் தேதிக்கு அருகில் வரும் செய்தியை ஊன்றிப் படியுங்கள். மற்ற நாட்களில் தலைப்பைப் படித்துவிட்டுத் தூங்கப் போகலாம்.


தினவாசகி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அமைதிவிரும்பி அவர்களின் பரிவுக்கும் நன்றி.

கடன்கணக்கர் ஐயா, நீங்கள் சொன்னபடி நேற்று கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்தோம். 15 ஆண்டுக் கடன். 7 சதவீதத்தில் தொடங்கியது, இப்போது 9 சதவீதம். சரியாக 36 தவணைகள் கட்டியிருக்கிறோம். ஆகவே மீதம் 144 மாதங்கள் இருக்க வேண்டும். அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில், சிறிய எழுத்தில், மீதமுள்ள மாதங்கள் 177 என்று அச்சிட்டிருந்தது. என் கணவர் அந்த எண்ணை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசித் தவணையைத் தாம் பணி ஓய்வு பெறுவதற்கு ஓராண்டு முன்பே முடிக்கும்படி அவர் கணக்கிட்டுக் கடன் வாங்கியிருந்தார். இப்போது ஓய்வுக்குப் பிறகும் கட்ட வேண்டியிருக்கும். எங்களுக்கு ஒரு கடிதம் வந்திருக்கலாம். நாங்கள் கவனித்த நினைவில்லை. இதைச் சரிசெய்ய ஏதேனும் வழி இருக்கிறதா?


கடன்கணக்கர் எழுதியது:

இருக்கிறது அம்மா, நல்ல நேரத்தில் பார்த்துவிட்டீர்கள். நீங்கள் கொடுத்த எண்களை வைத்துப் போட்டுப் பார்த்தேன். இப்போதைய தவணையை 11 அல்லது 12 சதவீதம் உயர்த்திக் கட்டினால் கடன் பழைய தேதியிலேயே, 144 மாதங்களில் முடிந்துவிடும். கூட்டிக் கட்டும் தொகை முழுவதையும் சேர்த்தால் ஏறக்குறைய 16, 17 தவணைகளுக்குச் சமம். ஒன்றும் செய்யாமல் விட்டால் நீங்கள் கூடுதலாகக் கட்டப்போவது 33 தவணைகள். கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி மிச்சமாகிறது.

அந்த அளவு ஒரே மூச்சில் உயர்த்த முடியாவிட்டால் முடிந்ததை உயர்த்துங்கள். ஐந்து சதவீதம்கூட மாதங்களை நன்றாகவே குறைக்கும். கையில் ஏதேனும் தொகை வரும்போது அசலில் கட்டலாம். கட்டும்போது, "தவணையைக் குறைக்க வேண்டாம், கடன்காலத்தைக் குறையுங்கள்" என்று எழுத்தில் கொடுங்கள்; வாயால் சொன்னால் போதாது. முன்கூட்டிக் கட்டுவதற்குக் கட்டணம் உண்டா என்பதை அதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். வேறு இடத்தில் வட்டி குறைவாக இருந்தால் கடனை மாற்றுவதும் ஒரு வழி. ஆனால் மாற்றும் செலவைக் கழித்துப் பார்த்த பிறகே முடிவெடுங்கள். புதிய இடத்தில் காலத்தை மறுபடி 15 ஆண்டுகளாகப் போட்டுவிடாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நாளை வட்டி குறைக்கப்பட்டது என்று செய்தி வந்தால், அது உங்கள் கணக்குக்குத் தானாக வந்து சேரும் என்று காத்திருக்காதீர்கள். ஏற்றம் உடனே வரும், இறக்கம் கேட்டால்தான் வரும் என்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். செய்தி வந்த அடுத்த மாத அறிக்கையில் வட்டி விகிதத்தையும், மீதமுள்ள மாதங்கள் என்ற அந்தச் சிறிய எழுத்து வரியையும் பாருங்கள். 177 குறையாமல் நின்றால் நேரில் போய்க் கேளுங்கள். ஐயாவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள், குறிப்பேட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.